ஜமால் அப்துல் நாசர் எதிரியை எங்கே பார்த்தார்?

காட்டுப்பாக்கத்தில் அண்மையில் ஒரு வலீமா விருந்துக்குப் போயிருந்தோம். மாப்பிள்ளையின் பெரியத்தா பெயர் நாசர். 1957இல் பிறந்தவர். அவருடைய தம்பி பெயர் ஃபைசல், பத்துப் பன்னிரண்டு வயது இளையவர். அண்ணனும் தம்பியும் தோளோடு தோள் நின்று பந்தி விசாரித்துக்கொண்டிருந்தார்கள். பிரியாணியும் தால்ச்சாவும் முடிந்து பிரட் அல்வா வந்த நேரத்தில், கல்லூரியில் படிக்கும் பிள்ளை ஒருவன், பெரிய நன்னாவுக்கு நாசர் என்று யார் பெயர் வைத்தது, அந்த நாசர் யார் என்று கேட்டுவிட்டான்.

பக்கத்தில் இருந்த பெரியவர், சூயஸ் கால்வாயிலிருந்து வெள்ளைக்காரனை விரட்டியவர் என்றார். எதிரே உட்கார்ந்திருந்தவர் உடனே, சையித் குத்பைத் தூக்கிலிட்டவர் என்றார். பிறகு என்ன, கை கழுவ எழுந்தவர்கள்கூடத் திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டார்கள். மஃரிப் பாங்கு சொல்லும் வரை பேச்சு ஓயவில்லை.

இரண்டுமே உண்மை. ஒரே மனிதர் இரண்டையும் எப்படிச் செய்தார் என்பதுதான் அந்தப் பிள்ளைக்கு விளங்கவில்லை. நம் வீடுகளில் அறுபது வயதைத் தாண்டிய நாசர்கள், ஜமால் நாசர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அந்தப் பெயருக்குரியவரின் வாழ்க்கையை ஒருமுறை நிதானமாகப் பார்த்துவிடலாம் என்று தோன்றியது. குறிப்பாக ஒரு விஷயத்தை: தன் எதிரி யார் என்று அவர் எப்போதும் எப்படிக் கணித்தார், அந்தக் கணிப்பு போர்க்காலத்தில் அவரை என்ன செய்ய வைத்தது என்பதை.

1918 ஜனவரி 15 அன்று அலெக்சாண்டிரியாவின் பாகோஸ் பகுதியில் பிறந்தார் ஜமால் அப்துல் நாசர். தந்தை தபால் துறை ஊழியர். பூர்வீகம் மேல் எகிப்தில் அஸ்யூத் அருகே பனீ முர் என்ற கிராமம். கெய்ரோவில் சிறிய தந்தை வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்த எட்டு வயதில் தாயார் இறந்துபோனார். அந்தச் செய்தியைக்கூட உடனே சொல்லாமல் மறைத்தார்கள். விடுமுறைக்கு ஊர் திரும்பியபோதுதான் அவருக்குத் தெரிந்தது. அதிகம் பேசாத, யாரையும் எளிதில் நம்பாத அவருடைய சுபாவத்துக்கு இந்த இழப்பையே காரணமாகச் சொல்பவர்கள் உண்டு.

அவர் கண்ட முதல் எதிரி பிரிட்டிஷ்காரர். அதில் குழப்பம் இல்லை. 1935 நவம்பரில் மாணவர் ஊர்வலத்தில் போலீஸ் சுட்ட குண்டு அவருடைய தலையை உரசிச் சென்றது. 1938இல் இராணுவக் கல்லூரியை முடித்து அதிகாரியானார். 1942 பிப்ரவரி 4 அன்று பிரிட்டிஷ் தூதர் லாம்ப்சன் டாங்கிகளைக் கொண்டுபோய் கெய்ரோவின் ஆபிதீன் அரண்மனையைச் சூழ்ந்துகொண்டு, தான் சொல்லும் ஆளையே பிரதமராக்க வேண்டும் என்று மன்னர் ஃபாரூக்கைப் பணியவைத்தார். மன்னர் பணிந்தார். எகிப்திய இராணுவம் பார்த்துக்கொண்டிருந்தது. இருபத்துநான்கு வயது நாசருக்கு அந்த அவமானம் கடைசிவரை ஆறவில்லை. ஆனால் அதோடு வேறொரு எண்ணமும் முளைத்தது. அந்நியன் உள்ளே வருவதற்குக் கதவைத் திறந்துவிடுபவன் உள்ளூரில்தான் இருக்கிறான் என்பது அது.

1948 ஃபலஸ்தீனப் போர் அந்த எண்ணத்தை உறுதியாக்கியது. நாசர் மேஜராகப் போர்முனைக்குச் சென்றார், ஜூலையில் மார்பில் காயம்பட்டார், குணமாகி மீண்டும் போனார். அக்டோபரில் அல்-ஃபலூஜா என்ற ஊரைச் சுற்றி சுமார் 4,000 எகிப்திய வீரர்களை இஸ்ரேலியப் படை முற்றுகையிட்டது. முற்றுகைக்குள் இருந்தவர்களில் நாசரும் ஒருவர். உணவும் மருந்தும் வரவில்லை. அனுப்பப்பட்ட ஆயுதங்கள் உதவாதவை என்றும், கெய்ரோவில் அரண்மனையைச் சுற்றியிருந்தவர்கள் அந்தக் கொள்முதலில் பணம் பார்த்தார்கள் என்றும் பேச்சு பரவியது. ஆனாலும் அந்தப் படைப்பிரிவு சரணடையவில்லை. 1949 பிப்ரவரியில் போர்நிறுத்த உடன்பாடு கையெழுத்தாகும் வரை, நான்கு மாதம், தாக்குப்பிடித்தது.

முற்றுகையின்போது பேச்சுவார்த்தைக்கு வந்த யெரூஹாம் கோஹன் என்ற இஸ்ரேலிய அதிகாரியுடன் நாசர் பலமுறை பேசியிருக்கிறார். யூதர்கள் பிரிட்டிஷாரை ஃபலஸ்தீனிலிருந்து எப்படி வெளியேற்றினார்கள் என்று அறிந்துகொள்வதில்தான் நாசர் ஆர்வம் காட்டினார் என்று கோஹன் பின்னர் பதிவு செய்தார். எதிரே துப்பாக்கியோடு நிற்பவனைவிட, அவனுக்குப் பின்னாலும் தனக்குப் பின்னாலும் நிற்பவர்களையே நாசர் பெரிய எதிரியாகக் கண்டார். உண்மையான போர்க்களம் ஃபலஸ்தீன் அல்ல, கெய்ரோ என்ற கருத்தைப் பின்னாளில் தன் நூலிலும் எழுதினார்.

அன்றைய நிலையில் அந்தக் கணிப்பு தவறல்ல என்பதே நம் எண்ணம். அழுகிப்போன அரசாட்சியை வைத்துக்கொண்டு எந்தப் போரையும் வென்றிருக்க முடியாது. ஊர் திரும்பிய அதிகாரிகள் இரகசியமாக ஒன்றுகூடினார்கள். 1952 ஜூலை 23 அன்று ஆட்சியைப் பிடித்தார்கள். மன்னர் ஃபாரூக் கப்பலேறினார். பெயருக்கு ஜெனரல் நஜீப் தலைவர். கயிறு நாசரின் கையில் இருந்தது.

ஆனால் முன்னால் நிற்பவனுக்குப் பின்னால் ஒருவனைத் தேடும் பழக்கம் அத்தோடு நிற்கவில்லை. அது முதலில் திரும்பியது சொந்த நாட்டு மக்கள் மீது.

இஃவானுல் முஸ்லிமீன் இயக்கத்தினர் புரட்சிக்கு முன் அதிகாரிகளோடு தொடர்பில் இருந்தவர்கள். புரட்சி நடந்த புதிதில் சையித் குத்ப் அவர்களும் அந்த அதிகாரிகளுக்கு நெருக்கமாக இருந்தவர்தான். இரண்டு ஆண்டுகளில் உறவு முறிந்தது. 1954 அக்டோபர் 19 அன்று பிரிட்டிஷ் படைகள் வெளியேறுவதற்கான ஒப்பந்தம் கையெழுத்தானது. தேவைப்பட்டால் பிரிட்டன் திரும்பி வரலாம் என்று அதிலே இருந்த சரத்தை இஃவான்கள் கடுமையாக எதிர்த்தார்கள். ஒரு வாரம் கழித்து, அக்டோபர் 26 அன்று, அலெக்சாண்டிரியாவின் மன்ஷிய்யா சதுக்கத்தில் பேசிக்கொண்டிருந்த நாசரை நோக்கி எட்டுக் குண்டுகள் சுடப்பட்டன. ஒன்றும் படவில்லை. அவர் பேச்சை நிறுத்தாமல் தொடர்ந்தார். மறுநாள் நாடே அவர் பக்கம் இருந்தது.

அதன் பின் நடந்ததைத்தான் நம் விருந்தில் எதிரே இருந்தவர் மறக்கவில்லை. ஆயிரக்கணக்கானோர் சிறைக்குப் போனார்கள். டிசம்பரில் ஆறு பேர் தூக்கிலிடப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் சட்ட அறிஞர் அப்துல் காதிர் அவ்தா. சுட்டவருக்குத் தண்டனை கொடுத்ததை யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் ஓர் இயக்கம் முழுவதையும் அந்நிய சக்திகளின் கருவி என்று சித்திரித்து, சிறைகளில் சித்திரவதை செய்தது எந்த நியாயத்திலும் சேராது. சையித் குத்ப் சிறையில் இருந்துகொண்டே தன் குர்ஆன் விரிவுரையை எழுதினார். 1964இல் விடுதலையாகி, அடுத்த ஆண்டே மறுபடி கைதானார். 1966 ஆகஸ்ட் 29 அன்று தூக்கிலிடப்பட்டார். கம்யூனிஸ்டுகளுக்கும் இதே கதிதான். ரஷ்யாவிடம் ஆயுதம் வாங்கிக்கொண்டே உள்நாட்டுக் கம்யூனிஸ்டுகளை 1959இல் சிறையில் அடைத்தார்.

சூயஸுக்கு வருவோம். நம் ஊர்ப் பெரியவர்கள் நாசரை அறிந்ததே அதன் வழியாகத்தான்.

1955 பிப்ரவரி 28 அன்று இஸ்ரேலியப் படை காஸாவில் எகிப்திய முகாமைத் தாக்கி முப்பத்துக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. பதிலடி கொடுக்க நாசரிடம் ஆயுதம் இல்லை. மேற்கு நாடுகள் தர மறுத்தன. ஏப்ரலில் பாண்டுங் மாநாட்டுக்குப் போகும் வழியில் டில்லியில் இறங்கி நேருவைச் சந்தித்தார். செப்டம்பரில் செக்கோஸ்லோவாக்கியா வழியாக ரஷ்ய ஆயுதம் வாங்குவதாக அறிவித்தார். அமெரிக்காவுக்குக் கோபம். 1956 ஜூலை 19 அன்று அஸ்வான் அணைக்குத் தருவதாகச் சொன்ன நிதியை நிறுத்தியது. யூகோஸ்லாவியாவில் டிட்டோவைச் சந்தித்துவிட்டு நேருவும் நாசரும் ஒரே விமானத்தில் கெய்ரோ திரும்பிக்கொண்டிருந்தபோது அந்தச் செய்தி வந்தது. ஒரு வாரத்தில், ஜூலை 26 அன்று, தன்னைச் சுட்ட அதே மன்ஷிய்யா சதுக்கத்தில் நின்று, சூயஸ் கால்வாய்க் கம்பெனியை நாட்டுடைமையாக்குவதாக நாசர் அறிவித்தார். கால்வாயை வெட்டிய லெசெப்ஸின் பெயரை உரையில் அவர் உச்சரிப்பதுதான் அதிகாரிகளுக்கான சமிக்ஞை. அந்தப் பெயரைக் கேட்டதும் அவர்கள் அலுவலகங்களுக்குள் நுழைந்தார்கள்.

அறிவிப்புக்கு முன்பே, எதிரி என்ன செய்வான் என்று அவர் உட்கார்ந்து கணக்குப் போட்டிருந்தார். பிரிட்டன் உடனே தாக்கினால்தான் ஆபத்து, நாள் ஆக ஆகத் தாக்கும் வாய்ப்பு குறையும் என்பது முதல் கணக்கு. பிரிட்டன் எக்காரணம் கொண்டும் இஸ்ரேலோடு சேர்ந்து வராது என்பது இரண்டாவது. அப்படிச் சேர்ந்தால் ஈராக்கிலும் ஜோர்டானிலும் வளைகுடாவிலும் அதற்கு இருக்கும் செல்வாக்கு அழிந்துபோகும். ஏகாதிபத்தியவாதி சூழ்ச்சிக்காரன்தான், ஆனால் தன் இலாப நஷ்டம் தெரிந்தவன் என்று நம்பினார்.

கணக்கு சரி. ஆள்தான் அந்தக் கணக்கைப் போடவில்லை. பிரிட்டிஷ் பிரதமர் ஈடன் நாசரை இன்னொரு முசோலினியாகவே பார்த்துக்கொண்டிருந்தார். பழைய எதிரியின் முகத்தைப் புதிய எதிரிக்கு மாட்டிவிட்டால் இலாப நஷ்டம் கண்ணில் படாது. அக்டோபர் 24 அன்று பாரிஸ் அருகே செவ்ர் என்ற இடத்தில் பிரிட்டன், பிரான்ஸ், இஸ்ரேல் மூன்றும் இரகசியமாகக் கையெழுத்திட்டன. 29ஆம் தேதி இஸ்ரேல் சினாய்க்குள் நுழைந்தது. மறுநாள் பிரிட்டனும் பிரான்ஸும் சண்டையை விலக்க வருவதுபோல எச்சரிக்கை விடுத்தன. அப்போதும் நாசர், இது மிரட்டல், உண்மையில் தாக்க மாட்டார்கள் என்றே நினைத்தார். 31ஆம் தேதி மாலை கெய்ரோவின் மேல் பிரிட்டிஷ் விமானங்கள் வந்தன. வீட்டு மாடியில் ஏறி அவரே பார்த்தார். அதன்பின் சந்தேகம் இல்லை.

நாசரின் போர்க்கால முடிவுகளில் மிகச் சிறந்தது அந்த இரவில் எடுத்ததுதான். சினாயில் இருந்த படைகளை உடனே கால்வாய்க்கு மேற்கே திருப்பி அழைத்தார். இராணுவத் தலைவரும் உயிர் நண்பருமான அப்துல் ஹக்கீம் ஆமிர் அதை விரும்பவில்லை. நாசர் கேட்கவில்லை. இஸ்ரேல் முன்னால் இழுப்பது, பின்னால் கால்வாயை அடைத்து இராணுவத்தைப் பொறியில் சிக்கவைக்கத்தான் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. முன்னால் நிற்பவனுக்குப் பின்னால் பார்க்கும் அவருடைய கண் அன்று இராணுவத்தைக் காப்பாற்றியது.

போர்ட் சயீத் மக்கள் தெருவில் நின்று போராடினார்கள். கால்வாயில் கப்பல்களை மூழ்கடித்து வழி அடைக்கப்பட்டது. அமெரிக்க அதிபர் ஐசனோவர் பவுண்டு நாணயத்தின் மீது நெருக்கடி கொடுத்தார், ரஷ்யா மிரட்டியது, ஐ.நா. சபையில் இந்தியா உட்பட உலகமே கண்டித்தது. நவம்பர் 7இல் சண்டை நின்றது. படையெடுத்தவர்கள் வெளியேறினார்கள், கால்வாய் எகிப்தின் கையில் நின்றது. காட்டுப்பாக்கத்து நாசர் மாமா பிறந்தது அதற்கு அடுத்த ஆண்டு. அவருக்கு அந்தப் பெயரை அவருடைய அத்தா வைத்ததில் வியப்பில்லை.

ஆனால் வெற்றியோடு ஒரு கெடுதலும் வந்தது. அரசியலில் வென்றோம் என்ற மகிழ்ச்சியில், சினாயில் இராணுவம் தோற்றது மறைந்துபோனது. விமானப்படையின் பெரும்பகுதி தரையிலேயே எரிந்திருந்தது. அதன் தளபதி சித்கி மஹ்மூதை மாற்ற வேண்டும் என்று நாசர் நினைத்தும், ஆமிர் விட்டுக்கொடுக்கவில்லை. பதினோரு ஆண்டு கழித்தும் அதே ஆமிர், அதே சித்கி மஹ்மூத். ஊருக்குள் சதிகாரரைத் தேடித் தேடிச் சிறைக்கு அனுப்பிய ஒரு தலைவர், பக்கத்திலேயே இருந்த திறமையின்மையைத் தொடவில்லை. நட்பு கண்ணை மறைத்தது என்பதா, இராணுவம் கைமீறிவிடும் என்ற அச்சம் என்பதா? இரண்டும் கலந்திருக்கும்.

1958இல் சிரியாவோடு சேர்ந்து ஐக்கிய அரபுக் குடியரசு உருவானது. 1961 செப்டம்பரில் உடைந்தது. உடைத்தது அரபு மன்னர்களும் அவர்களுடைய பணமும் என்று நாசர் கருதினார். சிரியர்களைக் கெய்ரோவிலிருந்து ஆள நினைத்தது பற்றி அதிகம் யோசித்ததாகத் தெரியவில்லை. இப்போது எதிரிகளின் வரிசையில் பிற்போக்காளர் என்று அவர் அழைத்த மன்னர்கள், ஏகாதிபத்தியத்துக்கு அடுத்த இடத்துக்கு வந்தார்கள். இஸ்ரேலைவிட முதலில் இவர்களைத் தீர்க்க வேண்டும் என்ற நிலை வந்தது.

1962 செப்டம்பர் 26 அன்று யமனில் இராணுவ அதிகாரிகள் இமாமின் ஆட்சியைக் கவிழ்த்தார்கள். தப்பிய இமாம் பத்ருக்கு சவூதி அரேபியா ஆயுதமும் பணமும் கொடுத்தது. நாசர் உதவிப்படை அனுப்பினார். சில நூறு வீரர்கள் போதும் என்று தொடங்கியது, சில ஆண்டுகளில் 70,000 வரை உயர்ந்தது. மலைகளை அறியாத நைல் சமவெளி விவசாயிகளின் பிள்ளைகள் யமன் மலைகளில் மடிந்தார்கள். கிராமங்கள் மீது விஷவாயு வீசப்பட்டதாக எழுந்த குற்றச்சாட்டை எகிப்து மறுத்தும் அது ஓயவில்லை. கொல்பவரும் கொல்லப்படுபவரும் ஒரே கிப்லாவை நோக்கித் தொழுபவர்கள். எதிரே நின்ற கபீலாக்காரனை அவர் கபீலாக்காரனாகவே பார்த்திருந்தால், அவனோடு பேசி முடித்திருக்க வாய்ப்பு உண்டு. அவனுக்குப் பின்னால் மன்னர் ஃபைசலையும், ஃபைசலுக்குப் பின்னால் அமெரிக்காவையும் பார்த்ததால், பின்வாங்குவது பெருந்தோல்வியாகத் தெரிந்தது.

இந்த நிலையில்தான் 1967 வந்தது.

1966 நவம்பரில் ஜோர்டானின் ஆட்சியில் இருந்த சமூஉ கிராமத்தை இஸ்ரேல் தாக்கியது. நாசர் உதவிக்கு வரவில்லை, ஐ.நா. படையின் பின்னால் ஒளிந்துகொள்கிறார் என்று ஜோர்டான் வானொலி ஏளனம் செய்தது. இந்த ஏளனத்தைச் சிறிதாக நினைக்கக்கூடாது. அடுத்த மே மாதத்தில் நாசர் எடுத்த முடிவுகளில் பாதி, இஸ்ரேலுக்காக மட்டும் எடுத்தவையல்ல. அம்மானும் ரியாதும் பார்க்க வேண்டும் என்பதற்காகவும் எடுத்தவை.

மே 13 அன்று, சிரிய எல்லையில் இஸ்ரேல் பெரும்படையைக் குவித்திருப்பதாக ரஷ்யா தகவல் தந்தது. தலைமைத் தளபதி முஹம்மத் ஃபவ்ஸி சிரியாவுக்குச் சென்று பார்த்தார், அப்படி எதுவும் இல்லை என்று அறிந்துகொண்டார். அந்த அறிக்கை கைக்கு வந்த பிறகும் படைகள் சினாய்க்குள் போய்க்கொண்டே இருந்தன. தெருவில் இறக்கிய படையைத் திருப்பி அழைத்தால் ஏளனம் இன்னும் கூடும் அல்லவா. மே 16 அன்று, ஐ.நா. படை விலக வேண்டும் என்ற கடிதம் அதன் தளபதியிடம் கொடுக்கப்பட்டது. அந்தத் தளபதி இந்தியர், மேஜர் ஜெனரல் இந்தர்ஜித் ரிக்யே. படையிலும் இந்திய வீரர்கள் கணிசமாக இருந்தார்கள். வெளியேறுவதற்குள் போர் மூண்டுவிட, காஸாவில் பத்துக்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் உயிரிழந்தார்கள். நாசரின் நெருங்கிய நண்பராக இருந்த நாட்டின் பிள்ளைகள் அவர்கள்.

மே 22 அன்று இஸ்ரேலியக் கப்பல்களுக்குத் திரான் நீரிணையை மூடினார். போர் வரும் வாய்ப்பு இதனால் மிகவும் உயரும் என்று அவருக்குத் தெரியும். தன் சகாக்களிடம் அதைக் கணக்காகவே சொன்னார். இராணுவம் தயாரா என்று கேட்டதற்கு, தயார் என்று ஆமிர் உறுதி கொடுத்தார். அப்போது நல்ல படைப்பிரிவுகளில் பல யமனில் இருந்தன.

ஜூன் 2 அன்று தளபதிகளின் கூட்டத்தில், ஓரிரு நாளில், அநேகமாக 5ஆம் தேதி, இஸ்ரேல் தாக்கும், முதல் அடி விமானப்படை மீது விழும் என்று நாசர் எச்சரித்தார். துல்லியமான கணிப்பு. அப்படியானால் நாம் முந்திக்கொள்ளலாமே என்று சித்கி மஹ்மூத் கேட்டார். நாசர் மறுத்தார். நாம் முதலில் அடித்தால் அமெரிக்கா நேரடியாக இறங்கிவிடும், அமெரிக்காவோடு நம்மால் மோத முடியாது, முதல் அடியை வாங்கிக்கொள்வதுதான் வழி என்பது அவர் வாதம்.

அவருடைய வாழ்க்கையில் இதைவிட முக்கியமான தருணம் இல்லை. 1956இல் முன்னால் இருந்த இஸ்ரேல் தூண்டில், பின்னால் இருந்த பிரிட்டன்தான் மீன்பிடிப்பவன். அந்தப் பாடத்தையே 1967க்கும் எடுத்துவைத்தார், பிரிட்டனுக்குப் பதில் அமெரிக்கா என்று மாற்றிக்கொண்டார். இஸ்ரேலை எப்போதும் இன்னொருவரின் கருவியாகவே பார்த்துப் பழகியதால், கருவி என்று நினைத்தது தானாகவே திட்டமிட்டு, தானாகவே பயிற்சி எடுத்து, தானாகவே ஒரு நாட்டின் விமானப்படையை அழிக்கும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

ஜூன் 5 காலை, கெய்ரோ நேரப்படி ஒன்பது மணிக்குச் சற்று முன், இஸ்ரேலிய விமானங்கள் வந்தன. அந்த நேரத்தில் ஆமிர் சினாயைப் பார்வையிட விமானத்தில் போய்க்கொண்டிருந்தார். அவருடைய விமானத்தைத் தவறிச் சுட்டுவிடக்கூடாது என்று விமான எதிர்ப்புப் பீரங்கிகளுக்குக் கட்டளை. அன்றைய நாளுக்குள் சுமார் 300 எகிப்திய விமானங்கள் எரிந்தன. நூற்றுக்கணக்கான டாங்கிகள் மணலில் நிழலின்றி நின்றன. ஆவடியில் டாங்கி தொழிற்சாலைக்குப் பக்கத்தில் வாழும் நமக்கு டாங்கி என்றால் அசைக்க முடியாத இரும்பு என்ற எண்ணம் இருக்கும். மேலே விமானப் பாதுகாப்பு இல்லாத டாங்கி பாலைவனத்தில் வெறும் இலக்குதான்.

நாசருக்கு உண்மை நிலவரம் தெரியப் பிற்பகல் ஆனது. அதுவரை கெய்ரோ வானொலி, பல டஜன் இஸ்ரேலிய விமானங்களை வீழ்த்தியதாக முழங்கிக்கொண்டிருந்தது. இரவெல்லாம் வானொலியைக் காதில் வைத்துக்கொண்டு மகிழ்ந்து, இரண்டு நாள் கழித்து உடைந்துபோனதை இன்றும் சொல்லும் பெரியவர்கள் நம்மிடையே உண்டு. 6ஆம் தேதி ஆமிர், 1956 போலவே சினாயிலிருந்து பின்வாங்கக் கட்டளையிட்டார். அன்று ஒழுங்காக நடந்தது, இன்று ஓட்டமாக முடிந்தது. சுமார் 10,000 எகிப்திய வீரர்கள் மாண்டார்கள். தண்ணீர் இல்லாமல் நடந்து இறந்தவர்கள் அதில் எத்தனையோ பேர்.

இத்தனை விமானங்களை இஸ்ரேலால் தனியாக அனுப்பியிருக்க முடியாது, அமெரிக்காவும் பிரிட்டனும் சேர்ந்துதான் தாக்கின என்று எகிப்து அறிவித்தது. 6ஆம் தேதி நாசரும் ஜோர்டான் மன்னர் ஹுசைனும் தொலைபேசியில் இதை எப்படி அறிவிப்பது என்று பேசிக்கொண்டதை இஸ்ரேல் ஒட்டுக்கேட்டு வெளியிட்டது. பொய் என்று தெரிந்தே சொன்னாரா? முழுக்க அப்படி என்று நமக்குத் தோன்றவில்லை. இஸ்ரேலியர்கள் ஒரே விமானத்தை மிக விரைவாகத் தயார்செய்து ஒரே நாளில் பலமுறை அனுப்பினார்கள். எதிரியை அந்த அளவுக்கு அருகே நின்று பார்த்திருந்தால் அது தெரிந்திருக்கும். அதே நாளில் அமெரிக்காவுடன் உறவை முறித்துக்கொண்டார். அமெரிக்கா முழுக்க இஸ்ரேல் பக்கம் சாய்வதற்கு அதுவும் வசதியாகிப்போனது.

ஜூன் 9 மாலை தொலைக்காட்சியில் தோன்றி, தோல்விக்குத் தானே பொறுப்பு என்று ஏற்றுப் பதவி விலகுவதாக அறிவித்தார். இலட்சக்கணக்கானோர் தெருவுக்கு வந்து போகக்கூடாது என்று கதறினார்கள். மறுநாள் விலகலைத் திரும்பப் பெற்றார். ஆமிர் பதவி இழந்தார், சதி செய்ததாகக் கைதானார், செப்டம்பரில் நஞ்சருந்தி இறந்ததாக அறிவிக்கப்பட்டது. அவருடைய குடும்பத்தார் அதை ஏற்கவில்லை.

கடைசி மூன்று ஆண்டுகளைப் பற்றி நம் வீடுகளில் அதிகம் பேசுவதில்லை. பேச வேண்டிய ஆண்டுகள் அவை. ஆகஸ்ட் இறுதியில் கார்ட்டூம் மாநாட்டில் நாசரும் மன்னர் ஃபைசலும் சமாதானமானார்கள். யமனிலிருந்து எகிப்தியப் படை வெளியேறும், கால்வாய் மூடியதால் இழந்த வருமானத்துக்கு சவூதியும் குவைத்தும் லிபியாவும் பணம் தரும் என்று முடிவானது. ஐந்து ஆண்டு இரத்தம் சிந்தி முடியாதது சில நாள் பேச்சில் முடிந்தது.

எதிரியைப் படிக்கும் வேலையும் அப்போதுதான் தொடங்கியது. இஸ்ரேலிய சமூகத்தை ஆராய்வதற்கென்றே அல்-அஹ்ராம் நாளிதழின் கீழ் 1968இல் ஓர் ஆய்வு மையம் அமைக்கப்பட்டது. பட்டதாரிகள் படையில் சேர்க்கப்பட்டார்கள். ஃபவ்ஸியும் அப்துல் முன்இம் ரியாதும் இராணுவத்தை அடியிலிருந்து கட்டினார்கள். 1969 மார்ச்சில் கால்வாய்க் கரையில் தொடர் சண்டை தொடங்கிய மறுநாளே, முன்னணிப் பதுங்குகுழியில் நின்ற ஜெனரல் ரியாத் குண்டடிபட்டு இறந்தார். 1970இல் இஸ்ரேலிய விமானங்கள் எகிப்தின் உள்பகுதி வரை வந்தன. ஏப்ரல் 8 அன்று பஹ்ருல் பகர் கிராமப் பள்ளிக்கூடத்தின் மீது குண்டு விழுந்து நாற்பதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் இறந்தார்கள்.

அந்த ஜூலையில் நாசர் ஒரு காரியம் செய்தார். அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ராஜர்ஸ் முன்வைத்த போர்நிறுத்தத் திட்டத்தை ஏற்றார். பத்து ஆண்டுகளுக்கு முன் இருந்த நாசர் இதை ஏற்றிருக்க மாட்டார். ஏவுகணைகளைக் கால்வாய் அருகே நகர்த்த அவகாசம் வேண்டும் என்ற இராணுவக் கணக்கும் அதில் இருந்தது, உண்மைதான். ஆனாலும் சொந்த ஆட்களே துரோகி என்பார்கள் என்று தெரிந்தே ஏற்றார். அப்படியே நடந்தது. அம்மானில் ஃபலஸ்தீனர்கள் அவருடைய படத்தை வைத்து ஏளன ஊர்வலம் போனார்கள். பிறரைத் துரோகி என்று சொல்லிச் சொல்லிப் பழக்கிவிட்ட சொல் கடைசியில் அவர் மீதே வந்து விழுந்தது.

செப்டம்பரில் ஜோர்டான் இராணுவமும் ஃபலஸ்தீனப் போராளிகளும் ஒருவரையொருவர் கொன்றுகொண்டிருந்தார்கள். நீரிழிவும் இதயநோயும் இருந்த நாசரை ஓய்வெடுக்கச் சொல்லியிருந்தார்கள் மருத்துவர்கள். அவர் அரபுத் தலைவர்களைக் கெய்ரோவில் ஹில்டன் ஹோட்டலில் கூட்டி, இரவு பகல் பேசி, 27ஆம் தேதி மன்னர் ஹுசைனையும் யாசிர் அரஃபாத்தையும் ஒரே தாளில் கையெழுத்திட வைத்தார். ஒருகாலத்தில் ஹுசைன் அவருடைய எதிரிகளின் வரிசையில் இருந்தவர். மறுநாள் விருந்தாளிகளை ஒவ்வொருவராக விமான நிலையத்துக்குச் சென்று வழியனுப்பினார். கடைசியாகக் குவைத் அமீரை அனுப்பிவிட்டுத் திரும்பும்போது உடம்புக்கு முடியாமல் போனது. அன்று மாலை வீட்டில் உயிர் பிரிந்தது. வயது 52.

அக்டோபர் 1 அன்று ஜனாஸா. தெருக்களில் பல இலட்சம் பேர், சந்தூக்கை நகர்த்த முடியவில்லை. ஹுசைனும் அரஃபாத்தும் கண்ணீரோடு வந்திருந்தார்கள். வராத அரபு ஆட்சித் தலைவர் சவூதி மன்னர் ஃபைசல்.

காட்டுப்பாக்கத்து வீட்டில் இரண்டாவது பிள்ளை பிறந்தது கார்ட்டூம் மாநாட்டுக்குப் பிறகு.